பேரனைப் பார்க்கப் போகிற அம்மாவுக்கு எதற்கய்யா ஜீன்ஸ்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன். அறுபது வயசு வரைக்கும் சேலையைத் தவிர வேறு எதையும் உடுத்தாத அம்மாவை, முதல்முறை விமானம் ஏறுகிற அன்றைக்குப் பார்த்து ஜீன்ஸ் போடச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

எங்கள் நெல்லைப் பக்கத்தில் பாளையங்கோட்டை, அம்பை, வீரவநல்லூர், கடையநல்லூர் என்று எங்கே போனாலும் இதே கதைதான். மகளுக்குப் பிரசவம் பார்க்கவோ பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்கவோ அம்மாக்கள் கிளம்புகிறார்கள். டிக்கெட் வந்ததுமே போனும் வந்துவிடுகிறது. "எம்மா, சேலைய கட்டிட்டு வந்துராத, எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க." யார் பார்ப்பார்கள்? பதினாறு மணி நேர விமானத்தில் பாதிப் பேர் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்குகிறார்கள். மீதிப் பேர் முன்னால் இருக்கும் திரையைப் பார்க்கிறார்கள். அம்மாவின் சேலையைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பகட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்புக்கு என்ன ஆகிறது என்று யோசித்தீர்களா? பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். அந்த உயரத்தில் வயிற்றில் இருக்கிற வாயு விரிகிறது, வயிறு உப்புகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பதால் ரத்தம் காலிலேயே தேங்கிப் பாதம் வீங்குகிறது. உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே என்பதால் தொண்டையும் கண்ணும் காய்ந்துபோகின்றன. இந்த நிலைமையில் இடுப்பை இறுக்கும் பட்டனும், தொடையைப் பிடிக்கும் கெட்டித் துணியும், கடிக்கிற புது ஷூவும் போட்டுக்கொண்டு ஒரு வயசான பெண் ராத்திரி முழுக்க உட்கார வேண்டுமா?

என் மைனி, அதாவது அண்ணி, அப்படித்தான் போனார்கள். மகன் அனுப்பிய பணத்தில் ஜீன்ஸ், மேல்சட்டை, வெள்ளை ஷூ எல்லாம் வாங்கியாயிற்று. பாதி வழியில் கால் வலி தாங்காமல் ஷூவைக் கழற்றியிருக்கிறார்கள். இறங்கும்போது மறுபடி போட்டால், "கால் உள்ளயே போகமாட்டேங்கு." பிறகு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸோடு அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் நடந்திருக்கிறார்கள். மகன் வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதைக் கேட்டு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதைவிட மோசம், பணம் போகிற இடம். கண்ணாடிபோல் மின்னும் பெரிய சூட்கேஸ் வாங்கக் காசு இருக்கிறது. விமான நிலையக் கடையில் வெளிவிலையைப் போல மூன்று மடங்கு கொடுத்துக் கழுத்துத் தலையணை வாங்கவும் காசு இருக்கிறது. ஆனால் நடைபாதை ஓரத்துச் சீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், "எங்க உக்காந்தா என்ன, எல்லாம் ஒண்ணாத்தான போய்ச் சேரும்" என்று பதில் வருகிறது.

எங்கே உட்கார்ந்தால் என்னவா? அம்மாவை நடுச் சீட்டில் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு பாத்ரூமுக்கு எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்திருக்க வேண்டாமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் வாயும் காயும், காலும் அசையாது. நாலு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்று டாக்டர்கள் சொல்வது இப்படி உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துத்தான். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால், அது அந்த ஓரத்துச் சீட்டு. அதற்கும் வழியில்லையா, ஆன்லைன் செக்-இன் திறக்கும் நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலும் விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு, சிலரிடம் 48. அப்போது பல நிறுவனங்கள் மீதியுள்ள சீட்டுகளைக் காசில்லாமலே எடுக்க விடுகின்றன.

விமானக் கம்பெனிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. போயிங் 777 வந்த 1990-களில் சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஒன்பது சீட்டுதான் பரவலாக இருந்தது. இன்றைக்கு அதே அகலத்துக்குள் பெரும்பாலானவர்கள் பத்து போட்டுவிட்டார்கள். ஒரு சீட்டின் அகலம் சுமார் 17 அங்குலம். சீட்டுக்கு இவ்வளவாவது அளவு இருக்க வேண்டும் என்று விதி போடச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் 2018-லேயே சட்டம் இயற்றியது. வருஷங்கள் போனதுதான் மிச்சம். இடத்தைச் சுருக்கி விற்றுவிட்டு, அதற்குள் கொஞ்சம் கால் நீட்ட இடமுள்ள சீட்டைத் தனி விலைக்கு விற்கிறார்கள். இது அநியாயம் என்று சொல்ல நமக்கு நாவில்லை. அம்மாவின் சேலையைக் குறை சொல்ல மட்டும் இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலை போதும். அடர்ந்த நிறமாக இருந்தால் கறை தெரியாது. பட்டும் வேண்டாம், உடம்பெல்லாம் ஊக்கும் வேண்டாம். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும்போது அதுவே தொல்லை. விமானத்து பாத்ரூம் ரொம்பச் சின்னது, அதற்குச் சுடிதார்தான் வசதி என்று அம்மாவே நினைத்தால் தளர்வான பருத்திச் சுடிதார் தைத்துக் கொடுங்கள், கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்பே வீட்டில் போட்டுப் பழகட்டும். அப்பாவுக்கு வேட்டிதான் சுகம் என்றால் வேட்டியிலேயே வரட்டும், அவிழுமோ என்று பயந்தால் வெல்க்ரோ வைத்தது வாங்குங்கள். காலுக்குப் பழைய செருப்பு, குதிகாலில் வார் உள்ளது. கால் வீக்கத்துக்கென்றே இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் மருந்துக்கடையில் கிடைக்கும். காலில் ரத்த ஓட்டப் பிரச்சினையோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

ஈரிழைத் துண்டு இரண்டு. ஒன்றைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால் முதுகு வலிக்காது. இன்னொன்று கழுத்துக்கு, குளிர்ந்தால் தோளுக்கு. காலி பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பி, சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் ஏசியன் வெஜிடேரியன் என்று முன்பே பதிந்துவிடுங்கள், டிக்கெட்டிலேயே சாப்பாடும் சேர்ந்திருக்கும் முழுச் சேவை விமானங்களில் அதற்குத் தனிக் காசு கிடையாது, மற்றவர்களுக்கு முன்பே தட்டும் வந்துவிடும். அதுவும் இறங்காது என்றால் இருக்கவே இருக்கிறது, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. விமானம் தரையிறங்கும் முன் தின்று முடித்துவிட வேண்டும்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மகன் முன்னால் பளிச்சென்று போய் நிற்க எந்த அம்மாவுக்குத்தான் ஆசை இருக்காது? கைப்பையில் மாற்றுச் சேலையும் ரவிக்கையும் ஒரு சீப்பும் இருக்கட்டும். நடுவில் விமானம் மாறும் இடத்தில் முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து, புதுச் சேலை கட்டிக்கொண்டால் போதும். நம் ஊர்க் கைத்தறியான செடிபுட்டாச் சேலையில் வருகிற அம்மாவைவிட கசங்கிய ஜீன்ஸில் நொண்டிக்கொண்டு வருகிற அம்மா உங்களுக்கு அழகாகத் தெரிகிறார்களா?

இதெல்லாம் விமானம் ஏறிய பிறகு. அதற்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் பாதி களைத்துவிடுகிறார்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் 2025-ல் புது முனையம் திறந்தார்கள், ஆனால் அங்கே உள்நாட்டு விமானம்தான். திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ 150 கிலோமீட்டர் அளவுக்குக் காரில் குலுங்கி, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வாங்குங்கள். அதிலும் கௌரவம் பார்க்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது, ஏஜென்டிடம் முதலில் சீட்டு எண்ணைக் கேளுங்கள். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, எந்தச் சேலை கட்டிக்கொண்டு வரப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.