நன்னியின் தேக்சாவும் ஏழு ஆயத்தும்

"ஏணி இல்லப்பா, ஒருத்தர் வாங்கிட்டுப் போயிருக்காரு" என்று நான் சொன்னபோது ஏணி எனக்குப் பின்னால்தான் சுவரில் சாய்ந்திருந்தது.

கீழ் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த பையன். ஃபேன் மாட்ட வேண்டும், அரை மணி நேரத்தில் தந்துவிடுகிறேன் என்று கேட்டான். அவன் பார்வை என் தோளைத் தாண்டி உள்ளே போனது, ஏணியில் நின்றது, திரும்ப என் முகத்துக்கு வந்தது. "சரிங்க பாய், பரவாயில்ல" என்று இறங்கிப் போய்விட்டான். நானாக இருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன்.

என் பக்க நியாயம் என்று ஒன்று உண்டு. போன முறை இரவல் போன ஏணி ஒரு கால் வளைந்து, முழுக்க டிஸ்டெம்பர் அப்பித் திரும்பி வந்தது. அதனால் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். அன்று இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன், தொழுதேன், வந்து படுத்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மகளுக்கு 'அரஅய்தல்லதீ' சூரா சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். குர்ஆனில் அதன் பெயர் அல்மாஊன், 107ஆவது அத்தியாயம், ஏழே ஆயத்து, அதாவது வசனம். நம் ஊர்களில் யாரும் மாஊன் சூரா என்று சொல்ல மாட்டோம். அலம்தர, லிஈலாஃபி, அரஅய்தல்லதீ என்று முதல் வார்த்தையைத்தான் பெயராக வைத்துக் கூப்பிடுவோம். "மாஊன்னா என்னத்தா?" என்று கேட்டாள். வாளி, சட்டி, ஊசி, சல்லடை, இந்த மாதிரி அக்கம்பக்கத்துல கேட்டு வாங்குற சாமான் என்று அடுக்கிக்கொண்டே வந்தவன், அடுத்து 'ஏணி' என்று வாயில் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சூராவை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நாற்பது வருடமாக ஓதுகிறேன். குர்ஆனை முழுக்க மனனம் செய்த ஹாஃபிஸ் கிடைக்காத பள்ளிவாசல்களில் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அலம்தரவிலிருந்து குல் அஊது பிரப்பின்னாஸ் வரை பத்து சூரா, இரண்டு சுற்று, இருபது ரக்அத். மூன்றாவது ரக்அத்திலும் பதிமூன்றாவது ரக்அத்திலும் அரஅய்தல்லதீ வரும். முப்பது நோன்பு என்றால் ஒரு ரமலானில் மட்டும் 60 தடவை காதில் விழுந்திருக்கிறது.

சூரா ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறது. தீனைப் பொய்யாக்குகிறவனைப் பார்த்தீரா? தீன் என்பதற்கு மார்க்கம் என்றும் நியாயத்தீர்ப்பு என்றும் இரண்டு பொருளும் சொல்கிறார்கள். யார் அவன், சிலை வணங்குகிறவனா, மறுமை இல்லை என்று வாதாடுகிறவனா என்று நாம் யோசிக்கும்போதே பதில் வந்துவிடுகிறது. அவன்தான் யதீமை, தகப்பனில்லாப் பிள்ளையைத் தள்ளுகிறவன், ஏழையின் உணவுக்காகப் பிறரைத் தூண்டாதவன். கொள்கையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் வாசற்படியில் நடக்கும் ஒரு காரியமாக இருக்கிறது.

'தள்ளுகிறவன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அரபியில் 'யதுஉ' என்று இருக்கிறது. வெறும் விரட்டல் இல்லை, பிடரியில் கை வைத்து முரட்டுத்தனமாகத் தள்ளுவது. 52ஆவது சூரா அத்தூரில் பொய்ப்பித்தவர்களை நரகத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. இங்கே யதீமுக்கு விழுந்த தள்ளு அங்கே தள்ளியவனுக்கு விழுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாரைப் பற்றி இறங்கியது என்பதில் பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. மக்காத் தலைவர்களான அபூஜஹ்ல், ஆஸ் இப்னு வாயில், வலீத் இப்னு முகீரா என்று ஒவ்வொரு அறிவிப்பும் ஒவ்வொருவரைக் காட்டும். அபூஸுஃப்யான் இஸ்லாத்துக்கு வருவதற்கு முன் வாராவாரம் ஒட்டகம் அறுப்பார், இறைச்சி கேட்டு வந்த ஒரு யதீமைக் கைத்தடியால் அடித்தார் என்றும் ஒரு அறிவிப்பு உண்டு. எந்தப் பெயர் சரி என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. யாருக்கு இறங்கியது என்பதில்தான் என் கண் நிற்கிறது. பிறப்பதற்கு முன்பே தகப்பனையும், ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவருக்கு. யதீமைத் தள்ளுவது எப்படியிருக்கும் என்று நபி (ஸல்) அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இதற்கு முந்தைய சூராவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிஈலாஃபி, அதாவது குறைஷ். குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் (சிரியாப் பக்கம்) வணிகக் கூட்டம் போய்வந்ததைச் சொல்லி, பசிக்கு உணவளித்து, பயத்திலிருந்து காப்பாற்றிய இந்த வீட்டின் (கஅபாவின்) இறைவனை வணங்குங்கள் என்று அது முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் அப்படிப் பசியாற்றப்பட்டவன் ஏழையின் சோற்றைப் பற்றி வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். 'ஏழைக்கு உணவளிக்க' என்று கூட இல்லை, 'ஏழையின் உணவு' என்றுதான் இருக்கிறது. அது ஏற்கெனவே அவனுடைய பங்கு என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். குற்றம் 'கொடுக்கவில்லை' என்பது கூட இல்லை, 'தூண்டவில்லை' என்பது. என்கிட்ட ஒன்றும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிற கதவும் சாத்தியாகிவிட்டது. (முகநூலில் பதிவு போடுவது தூண்டுவதில் சேருமா என்று கேட்காதீர்கள், எனக்கும் சந்தேகம்தான்.)

அடுத்ததுதான் எல்லாரையும் தூக்கிவாரிப் போடும் ஆயத்து. ஃபவைலுல் லில்முஸல்லீன். தொழுகையாளிகளுக்குக் கேடுதான். அங்கேயே மூச்சை நிறுத்தினால் அர்த்தம் தலைகீழாகிவிடும் என்று ஹஜரத்மார்கள் சின்ன வயதிலேயே எச்சரிப்பார்கள். பிறகு மூன்று அடையாளங்கள் வருகின்றன. தொழுகையில் பொடுபோக்கு (அலட்சியம்), பிறர் பார்க்கச் செய்வது, மாஊனைத் தடுப்பது.

நான் கேட்ட பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) பெரும்பாலும் முக்கால் நேரம் பொடுபோக்குக்கே போய்விடும். நல்ல விஷயங்கள்தான் சொல்வார்கள். 'ஃபீ ஸலாத்திஹிம்' என்று இல்லாமல் 'அன் ஸலாத்திஹிம்' என்று இருப்பது பெரிய ரஹ்மத், இறைவனின் அருள். முதலாவது 'தொழுகைக்குள்', இரண்டாவது 'தொழுகையை விட்டு'. தொழுகைக்குள் கவனம் சிதறுவதைச் சொல்லியிருந்தால் நம்மில் ஒருவரும் தேற மாட்டோம். சொல்லியிருப்பது தொழுகையை விட்டே பராமுகமாக இருப்பதை, நேரம் தவறவிடுவதை. எல்லாம் சரி. ஆனால் ஏழாவது ஆயத்து வரும்போது மைக்கில் நேரம் முடிந்திருக்கும். 'அற்பப் பொருளையும் கொடுக்க மாட்டார்கள்' என்று ஒரு வரி, பிறகு துஆ.

என் குறையே அங்கேதான். சூராவுக்குப் பெயர் ஸலாத் (தொழுகை) இல்லை, ரியா (பிறர் பார்க்கச் செய்வது) இல்லை, மாஊன். குர்ஆன் முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. ஜகாத், அதாவது கட்டாய தர்மம் என்று பொருள் சொன்ன ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) உண்டு. அலீ (ரலி), இப்னு உமர் (ரலி) பெயர்களில் அப்படி வந்திருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னதை ஹதீஸ் தொகுப்பாளர் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். நபியவர்கள் காலத்தில் வாளியும் சட்டியும் இரவல் கொடுப்பதைத்தான் நாங்கள் மாஊன் என்று கருதினோம் என்பது அதன் கருத்து. பழைய விரிவுரையாளர் இக்ரிமா இரண்டையும் சேர்த்துவிட்டார். மாஊனின் தலை ஜகாத், அதன் கடைசிப் படி சல்லடை, வாளி, ஊசி என்றார். எனக்கு அந்தக் கடைசிப் படிதான் பயமாக இருக்கிறது. ஜகாத்துக்கு நிஸாப் என்ற சொத்து வரம்பு இருக்கிறது, வருடம் பூர்த்தியாக வேண்டும், கணக்குப் பார்த்து "எனக்குக் கடமையில்லை" என்று சொல்லிவிடலாம். ஊசிக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

இந்தப் பின்பாதி மதீனாவில் இறங்கியது என்று சிலர் சொல்வதற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். மக்காவில் தொழுதால் அடி விழும், காட்டிக்கொள்ள அங்கே யார் தொழுவார்? தொழுதால் மரியாதை கிடைக்கிற ஊரில்தான் ரியா முளைக்கும். முழுச் சூராவும் மக்கீ, மக்காவில் இறங்கியது என்பதுதான் பலருடைய கருத்து, ஆனாலும் இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாமும் தொழுதால் மரியாதை கிடைக்கிற இடத்தில்தான் இருக்கிறோம். போன ரமலானில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பெருநாள் சட்டைப் பொட்டலத்தைப் பிடித்தபடி ஒரு பையன், யதீம் பிள்ளை. சுற்றி ஆறு பேர், ஆறு பேருடைய கையும் அதே பொட்டலத்தில். ஒருவர் அவன் தாடையை கேமரா பக்கம் திருப்பி வைத்திருந்தார். சட்டையைக் கொடுத்துக்கொண்டே ஒரு பிள்ளையைத் தள்ள முடியும் என்று அன்று தெரிந்தது.

இந்தச் சூராவை உண்மையிலேயே வேலை வாங்கிய ஒருவர் இந்தோனேசியாவில் இருந்தார். யோக்யகர்த்தாவில் 1912இல் முஹம்மதிய்யா இயக்கத்தை ஆரம்பித்த அஹ்மத் தஹ்லான். அவரைப் பற்றி அங்கே சொல்லும் ஒரு கதை. பாடத்தில் திரும்பத் திரும்ப அல்மாஊனையே நடத்திக்கொண்டிருந்தாராம். எங்களுக்கு எப்பவோ மனப்பாடம் ஆகிவிட்டது, அடுத்த சூராவுக்குப் போகலாமே என்று மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். அமல் செய்தீர்களா, அதன்படி நடந்தீர்களா என்று கேட்டார். தொழுகையில் ஓதுகிறோமே என்றார்கள். அதற்கு அவர், போய் ஏழைகளைத் தேடிக் கூட்டி வாருங்கள், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, சாப்பாடு போடுங்கள், அதுவரை அடுத்த பாடம் கிடையாது என்று அனுப்பிவிட்டாராம். அந்த இயக்கம் இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்துகிறது.

எங்கள் வீட்டில் இது அவ்வளவு பெரிய அளவில் நடக்கவில்லை. நன்னியிடம், அதாவது பாட்டியிடம், ஒரு செப்புத் தேக்சா, பெரிய சமையல் பாத்திரம் இருந்தது. எட்டுப் படி அரிசி வேகும், வெறுமையாகத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். விளிம்பில் தாத்தா பெயரின் முதலெழுத்து 'மு' உளியால் பொறித்திருக்கும். கத்னா, கல்யாணம், மௌத் வீடு, எதிர்த்தெரு ஆச்சி வீட்டுக் காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். எந்த வீட்டில் இருக்கிறது என்பதற்கு அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு, அவ்வளவுதான் பேரேடு. தேக்சா திரும்பி வரும்போது வெறுமையாக வராது. அடியில் ஒரு அச்சு வெல்லமோ நாலு தேங்காயோ கிடக்கும். வருவதற்குத் தாமதமானால் நன்னி போய்க் கேட்க மாட்டாங்க. அந்த வீட்டுக்குப் போய் வேறு ஏதாவது இரவல் கேட்பாங்க, முறமோ அரிவாள்மணையோ. "நாம கேட்டாதான அவங்களுக்கும் ஞாபகம் வரும்" என்பாங்க. நன்னிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரஅய்தல்லதீ தெரியும், அதன் அர்த்தத்தை யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கீழ் போர்ஷன் பையனிடம் பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் கடையில் வாடகைக்கு எடுத்தானாம், 100 ரூபாய். "வந்துடுச்சாங்க பாய், ஏணி?" என்று கேட்டான். சிரிக்காமல் கேட்டான், அதுதான் தாங்கவில்லை. இப்போது ஏணி மாடிப்படி வளைவில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். திருந்திவிட்டேன் என்று யாரும் மாஷா அல்லாஹ் போட வேண்டாம், டிரில் மெஷின் இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

நன்னியின் தேக்சா என் வீட்டுப் பரணில் சாக்குச் சுற்றிக் கிடக்கிறது. போன மாதம் இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஈயம் போய்ச் செம்பு தெரிகிறது, அப்படியே சமைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஈயம் பூசுகிறவர் ஒருவரும் இல்லை. யாருக்காவது ஆள் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பூசி வந்ததும், தேவைப்படுகிறவர்கள் வண்டியோடு வந்து எடுத்துப் போகலாம்.