"கூட்டிக்கொண்டு போயிட்டினம்" – யார்?

சில வருடங்களுக்கு முன்பு, ஆய்வு மாணவி ஒருவருக்குப் பேட்டிகளைக் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். எல்லாம் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் எடுத்தவை. பேசுகிறவரும் தமிழ், எழுதுகிற நானும் தமிழ், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒரு அம்மா மகனைப் பற்றிச் சொல்கிறார்: "பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்." நான் 'ராணுவம் கூட்டிப்போனது' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். மாணவி அடுத்த முறை போய் அதை வாசித்துக் காட்டியபோது, "ஆமி எண்டு நான் சொல்லேல்லையே" என்றாராம் அந்த அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 'போயிட்டினம்', அதாவது 'போய்விட்டார்கள்' என்பதில் ஆள் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. பெயர் சொன்னால் உயிருக்கே ஆபத்து என்ற காலத்தைத் தாண்டி வந்தவர், யோசித்துத்தான் அப்படிப் பேசியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டுமே என்று நான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் அவர் சொல்லாத எழுவாய். நம்ம தமிழ்தானே என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. தெரியாத மொழியாக இருந்திருந்தால் நான்கு பேரிடம் கேட்டிருப்பேன்.

'பதிவு' என்ற சொல்லும் அப்படித்தான். "உங்கள் பேச்சைப் பதிவு செய்யலாமா?" என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். முகாமில் இருப்பவர்களுக்குப் பதிவு என்றால் அரசு வைத்திருக்கும் அகதிப் பதிவு: முகாமில் தங்குபவர்களுக்கு முகாம்பதிவு, வெளியே தங்குபவர்களுக்கு வெளிப்பதிவு. உதவித்தொகையும் தங்கும் இடமும் அதை நம்பி இருக்கின்றன. அப்புறம் அந்த மாணவி, "நீங்கள் கதைக்கிறதை போனில் பிடிக்கட்டுமா?" என்று மாற்றிக் கேட்க ஆரம்பித்தார். பேச்சு கொஞ்சம் இலகுவானது.

"ஊருக்குத் திரும்ப விருப்பமா?" என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். அவர்கள் எங்கே 'திரும்புவது'? மலையகத் தமிழர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் இங்கிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். கேள்வியில் உள்ள ஊர் எது?

அரசும் சொல்லை வைத்துத்தான் ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அகதி என்றால் கதியற்றவர். அந்தப் பெயர் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் 2003-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலும், 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமில் இருப்பவர்கள்மேல் விழும் அந்தச் சொல், பலகையில் பெயர் மாறியும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. இது தெரியாமல் ஆய்வாளர் ஒருவர் 'குடியேறி' என்று போகிற போக்கில் எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த அம்மாவின் வரியை, யார் என்று சொல்லாமலே, அவருடைய தமிழோடு சேர்த்துத் திருத்திக் கொடுத்தேன். ஆய்வேட்டில் ஆங்கிலம் மட்டும் வந்தது. முகாம்களுக்குப் போகிற ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: அவர்கள் பேசிய தமிழை அப்படியே பக்கத்தில் அச்சிடுங்கள். மொழிபெயர்த்தது யார் என்று எழுதுங்கள். முடித்ததும் அந்தப் பக்கங்களை முகாமுக்கே எடுத்துப்போய் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லேல்லையே" என்று யாராவது சொன்னால், அச்சுக்குப் போகும் முன் திருத்துங்கள்.