டெக்சஸ் துணை ஆளுநரை யாரும் கண்டுகொள்வதில்லை

டெக்சஸில் தேர்தல் வந்தால் நம்மவர்கள் ஆளுநர் யார் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். துணை ஆளுநரா, ஆளுநர் விலகினால் அந்த நாற்காலியில் உட்கார ஒருவர், அவ்வளவுதானே என்ற நினைப்பு. பல மாநிலங்களில் அது சரிதான். மெய்ன், வயோமிங் போன்ற இடங்களில் அந்தப் பதவியே கிடையாது.

டெக்சஸ் அப்படி இல்லை. இங்கே ஆளுநருக்குத் தனி ஓட்டு, துணை ஆளுநருக்குத் தனி ஓட்டு. ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது துணை ஆளுநர் பாப் புல்லக் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். துணை ஆளுநரின் சம்பளம் வருடத்துக்கு 7,200 டாலர்தான். ஆனால் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான, 31 பேர் கொண்ட செனட்டை நடத்துவது அவர். எந்த மசோதா எந்தக் கமிட்டிக்குப் போகும், அந்தக் கமிட்டிக்கு யார் தலைவர், யாரைப் பேச விடுவது எல்லாம் அவர் கையில். பிடிக்காத மசோதாவை அவர் எதிர்த்துப் பேசவே வேண்டாம், கமிட்டியில் கிடப்பில் போட்டால் போதும். வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 140 நாள்தான்; அதற்குள் எடுக்காவிட்டால் மசோதா செத்தது.

2013 ஜூன் 25 இரவு நினைவிருக்கிறதா? கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை நிறுத்த ஜனநாயகக் கட்சி செனட்டர் வெண்டி டேவிஸ் உட்காராமல், எதிலும் சாயாமல் மணிக்கணக்கில் பேசினார். பேச்சு விஷயத்தை விட்டு விலகிவிட்டது என்று துணை ஆளுநர் டியூஹர்ஸ்ட் அதை முடித்துவைத்தார். மாடத்தில் இருந்த மக்கள் போட்ட கூச்சலில் வாக்கெடுப்பு, சிறப்புக் கூட்டம் முடியவேண்டிய நள்ளிரவைத் தாண்டிவிட்டது, மசோதா அன்றைக்குச் செத்துப்போனது. அடுத்த மாதமே இன்னொரு சிறப்புக் கூட்டத்தில் நிறைவேறியது. அந்த மசோதா பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், தலைமை நாற்காலியின் பலம் என்னவென்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தோம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது விதிகள் விஷயத்தில்தான். அரசியலமைப்பு துணை ஆளுநருக்குக் கொடுத்தது கொஞ்சம்: தலைமை வகிப்பது, ஓட்டு சமமானால் தன் ஓட்டைப் போடுவது. மற்றதில் பெரும்பகுதி செனட் தானே எழுதிக்கொண்ட விதி. முன்பு ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 21 பேர் சம்மதிக்க வேண்டும். குடியரசுக் கட்சியின் டான் பேட்ரிக் துணை ஆளுநராக வந்ததும் 2015இல் அது 19 ஆனது. 2021இல் அவர் கட்சி 18 இடத்துக்கு இறங்கியதும் விதியும் 18க்கு இறங்கியது. தன் பலத்துக்கு ஏற்றபடி விதியை வெட்டுவது எந்தக் கட்சி செய்தாலும் தப்பு. சிறுபான்மைக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட மக்களின் குரல் அங்கே காணாமல் போகிறது.

2023இல் அட்டர்னி ஜெனரல் பாக்ஸ்டன் மீதான பதவிநீக்க விசாரணையில் நீதிபதி இடத்தில் உட்கார்ந்ததும் பேட்ரிக்தான். விசாரணைக்குச் சில மாதம் முன்பு, பாக்ஸ்டனை ஆதரித்த ஒரு அரசியல் குழுவிடமிருந்து நன்கொடையும் கடனுமாக 30 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அங்கே உட்காரவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த 18ஐ மறுபடி 21 ஆக்குவீர்களா? எதிர்க்கட்சி கொண்டுவரும் மசோதாவுக்குக் கமிட்டியில் ஒரு நாளாவது விசாரணை தருவீர்களா?