படத்தில் என்ன தெரிகிறது?

(சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் கடை. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் முதல் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் டீச்சர், சொல் அட்டைகளுக்குப் படம் பார்க்க வந்திருக்கிறார். கடைக்காரருக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்.)

கடைக்காரர்: வாருங்கள் டீச்சர். முதலில் வீடு. எப்படி?

டீச்சர்: கூரை முழுக்கப் பனி, மேலே புகை. தீப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

கடைக்காரர்: ஏற்காட்டிலும் குளிர்தானே?

டீச்சர்: மூடுபனி வரும் அண்ணா, கூரையில் பனிக்கட்டி எங்கே விழுகிறது? ஓட்டு வீடு போடுங்கள். வாசலில் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் வீட்டை விட்டுவிட்டு "பாட்டி" என்பார்கள்.

கடைக்காரர்: சரி, அடுத்தது "ஓடு".

டீச்சர்: இதில் என்ன தெரிகிறது? யோசிக்காமல் சொல்லுங்கள்.

கடைக்காரர்: பையன்... புதுச் செருப்பு... நாய் துரத்துகிறது. பாவம், டிபன் டப்பா விழுந்துவிட்டது.

டீச்சர்: ஓடுகிறான் என்று நீங்களே சொல்லவில்லை! பின்னணியே வேண்டாம். பெண் ஓடுகிறாள், தாத்தா ஓடுகிறார், குதிரை ஓடுகிறது என்று மூன்று அட்டை போடுங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பது எது என்று பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள். பெயர்ச்சொல்லைச் சமாளித்துவிடலாம், இந்த வினைச்சொல்தான் உயிரை வாங்குகிறது.

கடைக்காரர்: நாய்க்கு ஒன்று போதும்தானே? பொமரேனியன், பஞ்சுப் பொதி மாதிரி.

டீச்சர்: அதை மட்டும் காட்டினால் நாளைக்கு முயலும் நாய்தான். கறுப்பு, செவலை, காது தொங்குவது, எங்கள் தெரு நாய் எல்லாம் வேண்டும்.

கடைக்காரர்: அப்படியானால் மாம்பழத்துக்கு மல்கோவா, சேலம் குண்டு, இமாம் பசந்த்...

டீச்சர்: மாம்பழத்துக்குப் படமே வேண்டாம். ஒரு கிலோ வாங்கிப் போகிறேன். காபியும் மிளகும் பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கின்றன.

கடைக்காரர்: பிறகு நான் எதைத்தான் அச்சடிப்பது?

டீச்சர்: யானை, கப்பல், ஒட்டகம். எங்கள் மலையில் காட்டெருது உண்டு, ஒட்டகத்துக்கு நான் எங்கே போவேன்? இது என்ன, யானையும் எறும்பும் ஒரே அளவில்?

கடைக்காரர்: அட்டை ஒரே அளவுதானே!

டீச்சர்: யானைக்குப் பக்கத்தில் பாகனை நிறுத்துங்கள். எறும்பைச் சர்க்கரை மேல் விடுங்கள்.

கடைக்காரர்: ஆளே வேண்டாம் என்றீர்களே?

டீச்சர்: அளவுக்கு ஆள் வேண்டும், அழகுக்கு வேண்டாம். 1658-லேயே கொமேனியஸ் என்பவர் குழந்தைகளுக்குப் படம் போட்டே பாடநூல் அச்சிட்டார். அவர் படங்களில் கூட்டம் இருக்கும், ஆனால் பொருளுக்குப் பொருள் எண் போட்டிருப்பார். எது எந்தச் சொல் என்று குழம்பாது.

கடைக்காரர்: பிளெக்ஸ் இல்லாத காலத்திலா?

டீச்சர்: மரக்கட்டையில் செதுக்கி. அது இருக்கட்டும், அந்தத் திரையில் என்ன இத்தனை முகங்கள்?

கடைக்காரர்: காதுகுத்து பேனர். இருபது அடி.

டீச்சர்: குழந்தை எங்கே?

கடைக்காரர்: கீழே, மூலையில். வாட்ச் கட்டிய கைக்குப் பக்கத்தில்.

டீச்சர்: நடுவில் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பவர்?

கடைக்காரர்: தாய்மாமன்.

டீச்சர்: என் பிள்ளைகளிடம் காட்டினால் அவருக்குத்தான் காதுகுத்து என்பார்கள்.

கடைக்காரர்: பணம் கட்டியவர் அவர்தான் டீச்சர். குழந்தையை எடுத்தாலும் எடுப்பேன், அவரை எடுக்க மாட்டேன்.