மறுபடி பாசிட்டிவ் என்றால் மறுதொற்றா?

இரண்டு கொரோனா தடுப்பூசி போட்டும் மறுபடி தொற்று வருகிறதே, அப்புறம் எதற்கு ஊசி என்று ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் கேட்கிறார். சோதனையில் மறுபடி பாசிட்டிவ் வருவது, நிஜமாகவே மறுபடி தொற்றுவது என்ற இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

2021 மே மாதம் பெரம்பூரில் இருக்கும் என் மைத்துனருக்கு மூக்கில் சளி எடுத்துச் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ். மூன்று வாரம் கழித்து, காய்ச்சல் எதுவும் இல்லாதபோது, அலுவலகத்தில் கேட்டார்கள் என்று சோதித்தால் திரும்பவும் பாசிட்டிவ். தெருவே அரண்டுபோனது. பால்காரர் பாக்கெட்டை கேட்டிலேயே மாட்டிவிட்டு ஓடினார். அந்தச் சோதனை தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. செத்த வைரஸின் மிச்சம் வாரக்கணக்கில் மூக்கில் கிடந்தாலும் பாசிட்டிவ்தான். அதனால்தான் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வாளர்கள், இரண்டு பாசிட்டிவுக்கு நடுவே குறைந்தது 102 நாள் இடைவெளியும் ஒரு நெகட்டிவும் இருந்தால்தான் மறுதொற்று என்று வரையறுத்தார்கள்.

நிஜமான மறுதொற்று மைத்துனருக்கு 2022 ஜனவரியில், உருமாறிய கொரோனாவான ஒமிக்ரான் அலையில் வந்தது. அதற்குள் ஊசியும் போட்டிருந்தார். மூன்று நாள் காய்ச்சல், பாராசிட்டமால், மிளகு ரசம், முடிந்தது. (ஒமிக்ரானே கொஞ்சம் சாது, சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.) ஊசி தொற்றை முழுசாகத் தடுக்காது, ஆக்சிஜன் படுக்கை தேடி அலைய வேண்டிய வாய்ப்பைக் குறைக்கும்.

ஊசிக்குப் பயந்தவர்களைக் கேலி செய்ய மாட்டேன். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட ஓரிரு நாளில் இறந்தபோது என் அம்மாவே பின்வாங்கினார். அதற்கு ஊசி காரணமில்லை என்ற மத்தியக் குழுவின் அறிக்கை வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது.