அந்த மேசைக்கு நான் ஏன் லைக் போடவில்லை

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை ஒருவர் மறுபடியும் அதே வீடியோவில் என் பெயரைக் கோத்து, "அண்ணன் இதற்கும் அழுவாரா?" என்று கேட்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

எந்த வீடியோ என்று உங்களுக்குத் தெரியும். மாம்பலகையில் செய்த மேசை, அதன்மேல் மின்னல் கிளைவிட்டதுபோல் கருப்பாக எரிந்த கோலம், பின்னணியில் இசை. பழைய மைக்ரோவேவ் ஓவனிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்துச் செய்தது. அதன் கீழே, "தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள், உயிர் போய்விடும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பொறாமைக்காரன், பயந்தாங்கொள்ளி, அடுத்தவன் வளர்ந்தால் வயிறு எரிகிறவன் என்று பட்டங்கள் வந்து விழுந்தன. நான் ஐடிஐ முடித்து, 22 வருடமாக மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறேன். காயில் கட்டித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சமாவது உரிமை இல்லையா?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அந்த டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிறது. நெஞ்சு வழியாக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயம் தாளம் தப்பிவிடும். இது அரை ஆம்பியர்வரை தள்ளக்கூடியது. தொட்டால் உயிர் போய்விடும். இதைத்தான் ஒரு வரியில் சொன்னேன்.

கோலம் அழகாக இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஜெர்மனியில் லிச்டென்பெர்க் என்ற இயற்பியல் அறிஞர் 1777இல் பிசின் தகட்டின்மேல் படிந்த தூசியில் இந்தக் கிளைகளை முதலில் கண்டார். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். மின்னல் தாக்கிப் பிழைத்த சிலரின் தோலிலும் இதே கிளைகள் தோன்றி, சில நாட்களுக்குள் மறைந்துவிடும். பலகையில் தெரியும் அழகு எதனால் வந்தது என்று இப்போது புரிகிறதா?

காய்ந்த மரத்தில் மின்சாரம் எளிதில் ஓடாது. அதனால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பலகையில் பூசுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு கம்பி முனைகளைப் பலகையில் வைத்து ஸ்விட்சைப் போட்டால் கோடு கருகிக்கொண்டே நகரும். தண்ணீர் வற்றினால் நின்றுவிடும். மறுபடியும் பூச வேண்டும், முனையை நகர்த்த வேண்டும். அந்த வீடியோவில் 40 வினாடி கழித்து ஓர் இடம் வருகிறது, பாருங்கள். தம்பி ஈரக் கையோடு குனிந்து இடது முனையைத் தள்ளி வைக்கிறான். கோடு இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. ஸ்விட்சை அணைத்தது எங்கேயும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நீங்களோ நெருப்புப் படம் போட்டுக் கைதட்டினீர்கள்.

நான் தொழில் பழகிய கடையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் ரிப்பேருக்கு வந்த ஓவனின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மின்சாரம் ஓடும்போதே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரல் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி, சாம்பல் வெள்ளையாக. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "வலிக்கவே இல்லை தம்பி, டீ சொல்லு" என்றார். அந்த வலியின்மைதான் பயங்கரம் என்று எங்களுக்கு அன்று தெரியாது. உள்ளே தசை வெந்துபோயிருந்தது. ஒரு வாரத்தில் பாதி விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலில் நுழைந்த மின்சாரம், ஓவனின் தகரத்தில் பட்டிருந்த அதே கையின் சுண்டுவிரல் வழியாக வெளியேறிவிட்டது. மற்றக் கை எதன்மேலாவது பட்டிருந்தால் நெஞ்சைக் கடந்திருக்கும். இத்தனைக்கும் அவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்.

"கையுறை போட்டால் போதுமே" என்கிறீர்கள். பாத்திரம் கழுவும் கையுறை 2000 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல, அதிலும் சோடாத் தண்ணீரில் நனைந்தபிறகு. "எங்கள் வீட்டில் ஈஎல்சிபி இருக்கிறது" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. இதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும். ஈஎல்சிபி, போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் நுழையும் பிரைமரியும் 2000 வோல்ட் வெளிவரும் செகண்டரியும் தனித்தனிச் சுற்று. செகண்டரியில் நீங்கள் மாட்டிக்கொண்டு துடித்தாலும் பிரைமரிப் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும். ஈஎல்சிபி விழாது. ஃபியூஸும் போகாது.

"பைக் ஓட்டுவதும் ஆபத்துதானே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. "நாற்பது பலகை செய்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். நாற்பது முறை கை தவறவில்லை, அவ்வளவுதான்.

நான் கதை கட்டுவதாக நினைத்தால் அமெரிக்காவைப் பாருங்கள். மரக்கடைசல் செய்பவர்களுக்கு அங்கே தேசிய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. மரத்தைத் தொட்டு வாழ்கிறவர்கள், அழகு தெரியாதவர்களா அவர்கள்? தங்கள் நிகழ்ச்சி எதிலும் இந்த முறையைச் செய்துகாட்டக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். இதனால் இறந்தவர்கள் 30 பேருக்கும் மேல். 2022 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தில் தீப்பிடித்த ஒரு வீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறந்துகிடந்தார்கள். விசாரித்தபோது, தீ வருவதற்கு முன்பே மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களும் ஆசையாக ஒரு பலகையில் கோலம் போட்டவர்கள்தான்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் சமையல் சேனல் நடத்தும் ஆன் ரியர்டன் இதை எச்சரித்து யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். ஆபத்தான உள்ளடக்கம் என்று சொல்லி எச்சரித்தவருடைய வீடியோவைத்தான் முதலில் நீக்கினார்கள். அவர் முறையிட்டபிறகே திரும்ப வந்தது. எப்படிச் செய்வது என்று காட்டிய வீடியோக்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. என் ஒரு வரிக்கு நடந்ததும் இதுதானே? பதினெட்டுப் பேர் புகார் கொடுத்து அதைத் தூக்கவைத்தீர்கள். பலகை இருக்கிறது, இசை இருக்கிறது, செய்முறை இருக்கிறது. "செய்யாதே" என்று சொன்னது மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போனிலேயே மோட்டார் கோளாறுக்கு வழி சொல்லியிருக்கிறேன்! அப்போதெல்லாம் நான் பொறாமைக்காரனாகத் தெரியவில்லையே. யாருடைய பிள்ளையோ இதைப் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு ஓவன் தேடிப் போவான் என்ற பயத்தில்தான் எழுதினேன். நேற்று ஒரு பையன் என் கடைக்கே வந்து கேட்டான். மீசைகூட அரும்பவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பினேன். என் மேசைக்கு அடியில் ஓவன் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு கிடந்தன. அவன் போனதும் இரண்டின் செகண்டரிச் சுற்றையும் உளியால் வெட்டிப்போட்டேன்.

வீடியோ போட்ட தம்பிக்கு: உன் இழைப்பும் மெருகும் நன்றாக இருக்கின்றன. உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மரத்தில் சுட்டு வரைவதற்கென்றே சூட்டுப் பேனா விற்கிறார்கள். கையால் வரைய வேண்டும், நேரம் பிடிக்கும், ஆனால் கை தவறினால் கொப்புளத்தோடு போகும். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முகவரியை உள்பெட்டியில் அனுப்பு. அந்த டிரான்ஸ்ஃபார்மரை எனக்குக் கூரியரில் போட்டுவிடு, செலவு என்னுடையது.