சோதனை நிரல் அந்தந்தத் திட்டத்துக்கு உரியது, சோதனைத் தரவு எல்லோருக்கும் உரியது

புதிதாக ஒரு திட்டம் தொடங்கும்போதெல்லாம் சோதனைக் குழுவிடம் முதலில் வரும் கேள்வி, "போன புராஜெக்ட்டுக்கு எழுதிய ஆட்டோமேஷன் டெஸ்ட்டுகளை இதிலும் அப்படியே ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய வேலையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கு என்றால் யாருக்கும் மனம் ஒப்பாது. ஆனால் எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதை யோசிக்காமல் இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், காப்பீட்டு மென்பொருள் திட்டம் ஒன்றுக்காக, உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவியில் எழுதிய சோதனைகளை மருத்துவமனைப் பதிவு மென்பொருள் ஒன்றுக்கு மாற்றினோம். பொத்தான்களின் பெயர்களையும் பக்க முகவரிகளையும் திருத்தியதும் எல்லாம் ஓடின, எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. அவற்றில் ஒன்று பெயர்த் தேடலுக்கான சோதனை. தேடிய பெயர் இல்லாத வரி ஏதாவது முடிவுப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் அதன் வேலை. பட்டியலில் ஒரு வரிகூட வராவிட்டால், தவறான வரி எதுவும் இல்லை என்பதால் அது தேர்ச்சி பெற்றுவிடும். காப்பீட்டுத் திட்டத்தில் இது குறையாகத் தெரியவில்லை. அங்கே வேறொரு சோதனை முன்கூட்டியே பெயர்களை ஏற்றிவைத்து, அவை கிடைக்கின்றனவா என்றும் பார்த்துவிடும். அந்தத் துணைச் சோதனையை நாங்கள் கொண்டுவரவில்லை, ஏனென்றால் ஒன்று மற்றொன்றை நம்பியிருக்கிறது என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. மூன்று வாரங்கள் அந்தச் சோதனை தினமும் பச்சையாகவே ஓடியது. வெள்ளோட்டத்தின்போது பதிவு மேசையில் இருந்த பெண், ஏற்கெனவே பதிவாகியிருந்த கோமதி என்பவரின் கோப்பைத் தேடிக் காணாமல், அவருக்கு இரண்டாவது கோப்பு ஒன்றைத் திறந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் என்றால், ஒன்றில் ஒவ்வாமை பற்றிய குறிப்பு இருக்கும், மற்றொன்றில் இருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

கோமதி கிடைக்காமல் போனதற்குக் காரணம் எளியது. எழுத்துகளுக்குக் கணினியில் குறியீட்டு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் 'கோ' என்பதன் ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள், அதாவது வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். பழைய மென்பொருளிலிருந்து வந்த பதிவுகள் ஒரு வகை, புதிதாகத் தட்டச்சு செய்தது மற்றொரு வகை. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் கிடைக்காது.

இங்கேதான் பகிர்ந்துகொள்ளத்தக்க சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டேன். யூனிகோடை வகுக்கும் அமைப்பான யூனிகோட் சேர்த்தியம் ஒவ்வொரு பதிப்போடும், இப்படி வேறுபடும் சரங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்துக்கான சோதனைக் கோப்பு ஒன்றை வெளியிடுகிறது. அதில் நிரல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஐந்து பத்திகள்: முதலாவது மூலச் சரம், மற்ற நான்கும் நான்கு இயல்பாக்க வடிவங்களில் வரவேண்டிய விடைகள். பைத்தான் நிரல்மொழி தன் சோதனைத் தொகுப்பில் இந்தக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஜாவாவிலோ ரஸ்ட்டிலோ நீங்கள் ஒன்றை எழுதினாலும் இதே கோப்பை வாசித்துச் சரிபார்க்கலாம். உள்ளீடு இது, வரவேண்டிய விடை இது என்ற அளவில் நின்றுவிடுவதால்தான் அது எந்த வீட்டுக்கும் போக முடிகிறது. ஜேசன் என்ற தரவு வடிவத்தின் அமைப்பை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பும் இதே வழியில் அமைந்ததுதான். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் எழுதிய எஸ்கியூஎல் லாஜிக் டெஸ்ட் என்பதும் அப்படியே: வினவலையும் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியையும்) விடையையும் வெறும் உரைக் கோப்பாக வைத்து, ஒரே வினவலைப் பல தரவுத்தளங்களில் ஓட்டி ஒப்பிடுகிறார்கள். அதில் 72 லட்சம் வினவல்கள் உள்ளன. டக்டிபி என்ற தனித் தரவுத்தளத் திட்டம் தன் சோதனைகளுக்கு அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறது.

நிரலாகவே எழுதப்பட்ட சோதனைகளைப் பகிரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளை உருவாக்குவோர் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் என்ற ஒரே தொகுப்பைப் பொதுவில் பராமரிக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணைச் சோதனைகள் அதில் ஓடுகின்றன; போட்டியாளர்கள் ஒருவர் எழுதிய சோதனையை மற்றவர் தினமும் ஓட்டுகிறார்கள். அது நடப்பதற்குக் காரணம், அந்தச் சோதனைகள் எந்த உலாவியின் உட்புறத்தையும் பார்ப்பதில்லை, எழுதப்பட்ட தரநிலையை மட்டுமே பார்க்கின்றன என்பது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. "இந்தச் சோதனையில் நாங்கள் இன்னும் தோற்கிறோம்" என்ற குறிப்பை ஒவ்வொரு திட்டமும் தன்னுடைய களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்கிறது. பொதுச் சோதனையில் கைவைத்துத் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வதில்லை. நம் அலுவலகங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பொது லைப்ரரிக்குள் 'இந்த வாடிக்கையாளர் என்றால் இதைத் தவிர்' என்று ஒரு நிபந்தனை நுழையும், பிறகு இன்னொன்று நுழையும், இரண்டு ஆண்டுகளில் அந்தச் சோதனை எதைச் சோதிக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

எல்லா விடைகளும் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு எழுதுவதும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரி' என்று தட்டச்சு செய்வதும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் யூனிகோட் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வழிகள் உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. மருத்துவமனைத் தேடலில் இவை இரண்டும் கிடைத்தாக வேண்டும். ஆவணத்தில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டிய இடத்திலோ, இரண்டும் வேறு என்பதே சரியான விடை. இத்தகைய வரிகளைப் பொதுக் கோப்பில் போடக்கூடாது. அந்தந்தத் திட்டம் தன் பயனர்களைக் கேட்டு முடிவெடுத்து, அந்த முடிவைத் தன் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

மேற்பார்வை யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பொதுக் கோப்புக்குப் பதிப்பு எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டமும் தான் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறது என்று குறித்துவைத்து, தனக்கு வசதியான நாளில் மேம்படுத்திக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை மாலையில் பொதுச் சோதனையைத் திருத்த, திங்கட்கிழமை காலையில் தொடர்பே இல்லாத மூன்று திட்டங்கள் சிவப்பாகி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இரண்டு முறை நடந்தால், மூன்றாவது முறை உண்மையான பிழையால் சிவப்பானாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது பணிபுரியும் இடத்தில் சென்ற மாதம் புதிய திட்டம் ஒன்று தொடங்கியது, அதே கேள்வியும் வந்தது. பழைய ஸ்கிரிப்ட் எதையும் நான் கொடுக்கவில்லை. பெயர்கள், இந்திய முறையில் காற்புள்ளி இடப்பட்ட தொகைகள், தேதிகள் ஆகியவை அடங்கிய ஒரு அட்டவணையைக் கொடுத்தேன். உள்ளீடு ஒரு பத்தியில், வரவேண்டிய விடை அடுத்த பத்தியில், அந்த வரி ஏன் சேர்க்கப்பட்டது என்பது மூன்றாவது பத்தியில். அதை வாசித்து ஓட்டும் நிரலை அந்தக் குழுவில் இருக்கும் இளைஞர் ஒருவர் இரண்டே நாளில் எழுதிவிட்டார். அதில் நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது ஒன்றுதான்: அட்டவணையிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கப்படாவிட்டால் சோதனை சிவப்பாக வேண்டும். அட்டவணையின் முதல் வரியில் கோமதியின் பெயர் இரண்டு வகையிலும் இருக்கிறது.